கேன்சர் இன்ஸ்டிட்யூட் பெயரில் ஒட்டியிருக்கும் மூன்று எழுத்து... ஒரு மாதர் சங்கம் மருத்துவமனை கட்டிய கதை!

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயிருக்கிறீர்களா? போக வேண்டிய அவசியம் யாருக்கும் வரக் கூடாது. ஆனாலும் உறவினருக்குத் துணையாக, நண்பரைப் பார்க்க, ரத்தம் கொடுக்க என்று எப்படியோ ஒருமுறையாவது அந்த வாசலுக்குள் போய் வந்த சென்னைக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் பெயர்ப்பலகையை முழுசாகப் படித்துப் பாருங்கள். 'கேன்சர் இன்ஸ்டிட்யூட்' என்பதோடு அந்தப் பெயர் முடிவதில்லை. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'டபிள்யூ.ஐ.ஏ.' என்று மூன்று எழுத்துகள் இருக்கும்.

டாக்டர் பட்டமா, ஏதாவது அமெரிக்க நிறுவனமா என்று நினைக்கத் தோன்றும். இரண்டும் இல்லை. அது ஒரு மாதர் சங்கத்தின் பெயர். உமன்ஸ் இண்டியன் அசோசியேஷன். தமிழில் 'இந்திய மாதர் சங்கம்'. நூறு வருடங்களுக்கு முன்பு அடையாறில் சில பெண்கள் கூடி ஆரம்பித்த ஒரு கிளப், முதலில் தையல் கற்றுக்கொடுத்தது, பிறகு ஓட்டுரிமை கேட்டது, பிறகு சட்டசபைக்கு ஆள் அனுப்பியது, கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியையே கட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டது. பழைய சினிமாக்களில் 'லேடீஸ் கிளப்' என்றாலே பட்டுப்புடவை, கொண்டை, கேலி சிரிப்புதானே? அந்த சீன்களை எழுதியவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

'அபலா' என்ற பெயர் வேண்டாம்!

1917, மே 8. அடையாறு பிரம்மஞான சபை வட்டாரம். ஆலமரமும் ஆற்றங்கரையும் தோப்புமாக இருந்த அன்றைய அடையாறு, மயிலாப்பூர்வாசிகளுக்கே வெளியூர் மாதிரிதான். அங்கேதான் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் அன்னி பெசன்ட். ஓடியாடி வேலை பார்த்தவர்கள் டோரதி ஜினராஜதாசவும் மார்கரெட் கசின்ஸும். டோரதி இங்கிலாந்துக்காரர், இலங்கையில் பிறந்த பிரம்மஞானி ஜினராஜதாசவை மணந்தவர். மார்கரெட் அயர்லாந்துக்காரர். பெண்களுக்கு ஓட்டு கேட்டுப் போராடி லண்டனிலும் அயர்லாந்திலும் சிறைக்குப் போய்விட்டு, 1915-ல் கணவரோடு இந்தியாவுக்கு வந்தவர். இந்த மார்கரெட்டை வேறொரு விஷயத்துக்காகவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1919-ல் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து 'ஜன கண மன' பாடியபோது, அதற்கு ஸ்வரக் குறிப்பு எழுதி வைத்தது இவர்தான்.

அந்த மதனப்பள்ளியில்தான் இந்தக் கதையின் முன்னுரை. அங்கே மார்கரெட் பெண்களுக்காக ஒரு சிறிய சங்கம் நடத்தி வந்தார். பெயர் 'அபலா அபிவர்த்தினி சமாஜம்'. அபலை என்றால் பலமில்லாதவள். பலமில்லாதவர்களை முன்னேற்றும் சங்கம்! போய்ப் பார்த்த டோரதிக்கு வேலை பிடித்தது, பெயர் பிடிக்கவில்லை. நாடு முழுக்க இப்படி ஒரு சங்கம் வேண்டும், ஆனால் இந்தப் பெயரில் வேண்டாம் என்று பேச்சு ஓடியது. அடையாறிலும் ஏற்கெனவே தமிழ் மாதர் சங்கம் என்று ஒன்று இயங்கி வந்தது. இப்படிச் சிறிய சிறிய சங்கங்களையெல்லாம் ஒரு குடைக்குள் கொண்டுவரத்தான் புதுச் சங்கம்.

ஆரம்பித்த அடுத்த மாதமே ஒரு திருப்பம். ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக அன்னி பெசன்ட்டை அரசாங்கம் ஊட்டியில் காவலில் வைத்தது. தலைவர் இல்லாத சங்கம் படுத்துவிடும் என்றுதானே நினைப்போம்? படுக்கவில்லை. ஐந்தே ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட கிளைகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். ஒவ்வொரு கிளையும் தன் ஊருக்கு என்ன தேவையோ அதைத் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டதுதான் வளர்ச்சிக்கு முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது, தையல், முதலுதவி, பிரசவகால சுகாதாரம், சின்ன நூலகம் என்று ஊருக்கு ஊர் ஒன்று. 1918 ஜனவரியிலிருந்து 'ஸ்திரீ தர்மம்' என்ற பத்திரிகையும் வந்தது. ஆங்கிலப் பத்திரிகைதான், ஆனால் தமிழ், தெலுங்கு, இந்திப் பக்கங்களும் அதில் இருந்தன.

இன்றைக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியாது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டால் அபார்ட்மென்ட் பெண்கள் ஐம்பது பேர் கூடிவிடுகிறார்கள். ஆனால் 1917-ல், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தவிர வேறு காரணம் சொல்லி வீட்டுப்படி தாண்டுவதே பெரும்பாடு. 'சங்கத்துக்குப் போகிறேன்' என்று ஒரு பெண் சாயங்காலம் கிளம்பியதே ஒரு சம்பவம்தான்.

கேட்டது பள்ளிக்கூடம், வந்தது ஓட்டு

அதே 1917 கடைசியில், இந்தியாவுக்கான லண்டன் அமைச்சர் எட்வின் மான்டேகு சென்னைக்கு வருகிறார். அரசியல் சீர்திருத்தம் பற்றி எல்லாத் தரப்பையும் கேட்கப் போகிறார். மார்கரெட் நேரம் கேட்டு எழுதினார். பெண் கல்வி பற்றிப் பேச வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. 'அரசியல் விஷயங்களுக்கு மட்டுமே நேரம் தர முடியும்' என்று பதில் வந்தது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? 'சரிங்க' என்று விட்டிருப்போம். மார்கரெட் யோசித்தார். அரசியல்தானே வேண்டும், இந்தா அரசியல் என்று, பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்ற கோரிக்கையைச் சேர்த்து மறுபடி எழுதினார். நேரம் கிடைத்தது! 1917, டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் 14 பெண்கள் மான்டேகுவைச் சந்தித்தார்கள். ஓர் எழுத்தரின் கறாரான பதிலுக்குப் பதில் சொல்லப்போய், இந்தியப் பெண்களின் ஓட்டுரிமைக் கோரிக்கை அரசாங்கத்தின் முன் வைக்கப்பட்டது. அன்றைக்கு இங்கிலாந்துப் பெண்களுக்கே ஓட்டு இல்லை என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

லண்டன் நேரடியாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்தந்த மாகாண சட்டசபையே முடிவு செய்துகொள்ளட்டும் என்று தள்ளிவிட்டது. 1921, ஏப்ரல் 1. சென்னை சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் பெண்களுக்கு முதலில் ஓட்டுக் கொடுத்தது நம் சென்னை மாகாணம்தான்.

கொண்டாடுவதற்கு முன் ஒரு விஷயம். சொத்து இருந்தால்தான் ஓட்டு. ஆண்களுக்கும் அதே விதிதான் என்றாலும், பெண்கள் பெயரில் சொத்து எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்? ஆக ஓட்டுப் போட முடிந்தவர்கள் மிகச் சொற்பம். இந்தச் சங்கத்தின் உறுப்பினர்களும் பெரும்பாலும் வக்கீல் வீட்டு, அதிகாரி வீட்டு, மேல்சாதிப் பெண்களே. மயிலாப்பூரிலும் அடையாறிலும் கூடிப் பேசியவர்களின் வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்ணுக்கு இந்த ஓட்டு வந்து சேர, நாடு சுதந்திரம் அடைந்து எல்லோருக்கும் வாக்குரிமை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புதுக்கோட்டைப் பெண் சட்டசபைக்குப் போகிறார்

ஓட்டு வந்தது. போட்டியிடும் உரிமை? அதற்கு 1926 வரை ஆனது. அந்தத் தேர்தலில் மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாய நின்று, சொற்ப வாக்குகளில் தோற்றார். அவருக்காக மார்கரெட் கசின்ஸ் ஊக்கமாக நின்றார். தேர்தலில் வர முடியவில்லை என்றால் நியமன உறுப்பினராகவாவது ஒரு பெண் உள்ளே போக வேண்டும் என்று சங்கம் அரசாங்கத்தை நெருக்கியது. சங்கம் சொன்ன பெயர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

இவரைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1886, ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மகாராஜா உத்தரவோடு சேர்ந்து, 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து, 1912-ல் டாக்டர் ஆனவர்.

மேடைப் பேச்சோ அரசியலோ அவருக்கு ஆசை இல்லை. மருத்துவத் தொழில், குழந்தைகள், வீடு. சங்கத்துத் தோழிகள் வற்புறுத்தித்தான் ஒப்புக்கொண்டார். உள்ளே போனதும் 1927 ஜனவரியில் சட்டசபையின் துணைத்தலைவராக அவரையே எல்லோரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். பால்ய விவாகத்துக்கு எதிராக, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று அடுத்தடுத்துப் பேசினார். எல்லாவற்றையும்விடப் பெரிய புயலைக் கிளப்பியது தேவதாசி முறை ஒழிப்பு.

அந்தப் புயல் ஒரு பக்கமாக மட்டும் வீசவில்லை. கலை, மரபு, மதம் என்று சொல்லி சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ் தலைவர்கள் எதிர்த்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினரும் எதிர்த்தார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் உட்பட. 'எங்களிடம் சொத்துரிமை இருக்கிறது, படிப்பும் சங்கீதமும் இருக்கிறது. ஒட்டுமொத்தமாக எல்லோரையும் ஒரே பெயர் சொல்லி அழைக்காதீர்கள்' என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். அதே சமூகத்தில் பிறந்து, ஊர் ஊராகப் போய் இந்த முறைக்கு எதிராகப் பேசிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் இருந்தார். யாருடைய வாழ்க்கையைப் பற்றி யார் முடிவெடுப்பது என்ற அந்தக் கேள்வி, சமூக சேவை செய்யக் கிளம்பும் எல்லாச் சங்கங்களுக்கும் இன்றுவரை இருக்கிற கேள்விதான். 1929-ல் முதல் கட்டச் சட்டத் திருத்தம் வந்தது. முழுமையான தடைச் சட்டம் 1947-ல்தான் வந்தது.

1930-ல் உப்பு சத்தியாகிரகம். காந்தி கைதானதும் முத்துலட்சுமி பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

கதவைத் தட்டிய மூன்று பெண்கள்

சட்டம் பேசிக்கொண்டிருந்தவரின் வீட்டு வாசலுக்கே ஒருநாள் சட்டத்தின் மறுபக்கம் வந்து நின்றது. பொட்டுக்கட்டப்படுவதிலிருந்து தப்பி வந்த மூன்று இளம் பெண்கள். படிக்க வேண்டும், தங்க இடம் வேண்டும். முத்துலட்சுமி விடுதிகளில் கேட்டுப் பார்த்தார். பிராமணப் பெண்களுக்கு ஒன்று, பிராமணர் அல்லாதவர்களுக்கு ஒன்று என்று விடுதிகள் சாதிவாரியாக இருந்த காலம். இந்தப் பெண்களை எதிலும் சேர்க்கவில்லை.

சரி, என் வீட்டிலேயே இருங்கள் என்று உள்ளே அழைத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். சாதி கேட்காத இல்லம். இன்று அடையாறு பெசன்ட் அவென்யூ பக்கம் போனால் பள்ளிக்கூடமும் இல்லமுமாக அந்த வளாகத்தைப் பார்க்கலாம்.

மயிலாப்பூர் கிளப் கட்டிய ஸ்கூல்

அடையாறை விட்டு ஆற்றைத் தாண்டி ஒரு நடை மயிலாப்பூருக்குப் போய்விட்டு வரலாம். ஏனென்றால் முத்துலட்சுமி பிறந்து 19 நாள் கழித்து, 1886 ஆகஸ்ட் 18 அன்று மயிலாப்பூரில் ஒரு குழந்தை பிறந்தது. சுப்புலட்சுமி. 11 வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார். அன்றைய வழக்கப்படி தலையை மழித்து மூலையில் உட்கார வைத்திருக்க வேண்டும். அப்பா அதைச் செய்யாமல் படிக்க வைத்தார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் முதல் வகுப்பில் பட்டம். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று வரலாறு சொல்வது இந்த சகோதரி சுப்புலட்சுமியைத்தான்.

1912-ல் சாரதா மகளிர் சங்கம். தன்னைப் போலவே சிறு வயதில் விதவையான பெண்களுக்கு வீடும் படிப்பும். அந்த இல்லம் பிறகு கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு இடம் மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கட்டடம், விவேகானந்தர் தங்கிய கட்டடம், பெண்கள் ஆசிரியர்களாகப் பயிற்சி பெறும் இடமானது. அவர் தொடங்கிய சாரதா வித்யாலயா இப்போது தி.நகரில், ராமகிருஷ்ண மிஷன் நிர்வாகத்தில் இருக்கிறது. பனகல் பார்க் பக்கம் புடவை எடுக்கப் போகிறவர்கள், சாயங்காலம் யூனிஃபார்ம் போட்ட கூட்டம் ஒன்று தெருவை நிறைப்பதைப் பார்த்திருக்கலாம்.

நம் கதைக்குப் பொருத்தமானது அதற்குப் பிறகு வருகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சுப்புலட்சுமி மயிலாப்பூர் லேடீஸ் கிளப்பின் தலைவராக இருந்தார். அந்த கிளப் 1954-ல் ஒரு பள்ளி சொசைட்டியை ஆரம்பித்தது. 1956-ல் அதற்கு வித்யா மந்திர் என்று பெயர் மாறியது. ஆமாம், மயிலாப்பூரில் அட்மிஷனுக்குப் பெற்றோர் தவம் கிடக்கும் அதே வித்யா மந்திர்தான்! லேடீஸ் கிளப்பில் என்ன செய்வார்கள் என்று யாராவது கேட்டால், தைரியமாக இதைச் சொல்லலாம்.

லஸ் பக்கத்துப் பணக்கார வக்கீல் எஸ். சீனிவாச அய்யங்காரின் மகள் அம்புஜம்மாளும் இந்திய மாதர் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர். 1926-ல் காங்கிரஸ் கட்சிக்கே தலைவராக இருந்தவர் அப்பா. மகள் நகையைக் கழற்றி வைத்து, கதர் கட்டி, மறியல் செய்து சிறைக்குப் போனார். 1948-ல் அப்பா பெயரில் அவர் ஆரம்பித்த சீனிவாச காந்தி நிலையம் இருக்கும் தெருவுக்கு, இன்று அவர் பெயரேதான், அம்புஜம்மாள் தெரு. அதேபோல துர்காபாய், பிற்பாடு துர்காபாய் தேஷ்முக், 1937-ல் ஆந்திர மகிளா சபாவைச் சென்னையில் தொடங்கினார். படிப்பை விட்ட பெண்களுக்கு, காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் தேர்வு எழுத டியூஷன் எடுத்ததுதான் அதன் தொடக்க கால வேலை. அந்தச் சபாவும் பிறகு ஆஸ்பத்திரி வரை வளர்ந்தது. தென் சென்னை மாதர் சங்கங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் என்ன பந்தமோ!

தங்கையின் மரணம்

மறுபடி முத்துலட்சுமி. 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். இளம் வயது. அக்கா டாக்டர். பக்கத்தில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வழியில்லை, கண்டுபிடித்த பிறகும் கொடுக்கப் பெரிய சிகிச்சை இல்லை. வலியால் துடிக்கும் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாள்கள்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு விதை.

அந்த விதை முளைக்க 31 வருடங்கள் ஆனது என்பதைக் கவனியுங்கள். 1925-ல் இங்கிலாந்துக்கு மேற்படிப்புக்குப் போனபோதும் அவர் மனதில் இதுதான். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழா மேடையில் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். கேட்டார்கள், கைதட்டினார்கள், போனார்கள். உலகப் போர் வந்தது. சுதந்திரம் வந்தது. மருத்துவமனை வரவில்லை.

அரசாங்கத்திடம் போனபோது கிடைத்த பதில் பற்றி டாக்டர் சாந்தா பல இடங்களில் சொல்லியிருக்கிறார். புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் இறந்துதானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்பதுதான் அந்தப் பதிலின் அர்த்தம். கேட்க எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அன்று அமைச்சர் மட்டுமல்ல, பாதி ஊரும் அப்படித்தான் நினைத்தது. பெயரைச் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்று 'அந்த வியாதி' என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கும் நம் வீடுகளில் சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் மறைத்து, மறைத்து, கடைசிக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற கதைகள் இருக்கத்தானே செய்கின்றன? மார்பில் கட்டி என்று பெற்ற பெண்ணிடம்கூடச் சொல்லக் கூச்சப்படும் அம்மாக்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்?

அரசாங்கம் கைவிரித்ததும் முத்துலட்சுமி திரும்பி வந்த இடம், தன்னை சட்டசபைக்கு அனுப்பிய அதே மாதர் சங்கம். 1949-ல் சங்கத்தின் பெயரில் 'புற்றுநோய் நிவாரண நிதி' ஆரம்பமானது. பெண்கள் இறங்கிப் பணம் திரட்டினார்கள். கிரவுட் ஃபண்டிங் என்று இப்போது நாம் சொல்வதை, மொபைலும் யூ.பி.ஐ.யும் இல்லாமல் செய்தார்கள். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, வெளிநாட்டில் புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற்றுத் திரும்பி, அம்மாவோடு சேர்ந்துகொண்டார்.

1952, அக்டோபர் 10. பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954, ஜூன் 18. அடையாறு காந்தி நகரில் மருத்துவமனை திறக்கப்பட்டது. மொத்தம் 12 படுக்கைகள். பார்த்தால் ஒரு சின்ன வீடு மாதிரி. தென்னிந்தியாவின் முதல் புற்றுநோய் சிறப்பு மருத்துவமனை அதுதான். முத்துலட்சுமிக்கு அப்போது 68 வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

சங்கத்தைத் தோளில் சுமந்த மார்கரெட் கசின்ஸ் அந்தத் திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. இந்திய விடுதலைக்கு ஆதரவாகப் பேசி வேலூர் சிறையில் ஒரு வருடம் இருந்தவர், பக்கவாதத்தால் பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்து, 1954 மார்ச் மாதம்தான் இறந்துபோயிருந்தார். மூன்று மாத இடைவெளி.

200 ரூபாய் சம்பளமும் ஒரு வீடும்

1955-ல் இன்னொரு பெண் வந்து சேர்கிறார். வி. சாந்தா. 1927-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். அதாவது முத்துலட்சுமி சட்டசபைத் துணைத்தலைவரான அதே ஆண்டு. சர் சி.வி. ராமன் இவருக்குத் தாய்வழித் தாத்தா முறை, விஞ்ஞானி சந்திரசேகர் தாய்மாமன் முறை. மயிலாப்பூர் நேஷனல் பெண்கள் பள்ளியில் படித்தார். இப்போது அது பி.எஸ். சிவசாமி பள்ளி. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தேர்வில் தேறி, அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் நல்ல வேலை கைக்கு வந்துவிட்டது. பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவர் என்றே ஊர் நினைத்த காலத்தில், கைக்கு வந்த அரசு வேலையை விட்டுவிட்டு 12 படுக்கை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றால் வீட்டில், கல்லூரியில், தெரிந்தவர்கள் வட்டாரத்தில் என்ன பேச்சு விழுந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

முதலில் சம்பளமே இல்லை. பிறகு மாதம் 200 ரூபாயும், வளாகத்துக்குள்ளேயே தங்க இடமும் தந்தார்கள். 1955, ஏப்ரல் 13 அன்று அங்கே குடிவந்தார் சாந்தா.

கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் சேர்ந்து செய்தவற்றைப் பட்டியல் போட்டால் அதுவே தனிக் கட்டுரை. 1950-களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரத்தை வரவழைத்தது, 1960-ல் குழந்தைகளுக்கென்று இந்தியாவிலேயே முதல்முறையாகத் தனிப் புற்றுநோய் வார்டு திறந்தது, கிராமங்களுக்குப் போய்ப் பரிசோதனை செய்தது, சிகிச்சை முடிந்தவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கண்காணித்தது. பணம் இருப்பவர் கட்டலாம், இல்லாதவருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை என்ற ஏற்பாடு அன்று தொடங்கி இன்றும் தொடர்கிறது. 12 படுக்கைகள் 500-ஐத் தாண்டிவிட்டன. சர்தார் பட்டேல் சாலையில் பெரிய வளாகம் எழுந்தது. 1975-ல் மத்திய அரசு இதை மண்டலப் புற்றுநோய் மையமாக அங்கீகரித்தது. எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு எதற்கு என்று கேட்ட அரசாங்கம், இருபது வருடங்களில் அந்தக் கேள்வியை மறந்துவிட்டது.

முத்துலட்சுமி ரெட்டி 1968, ஜூலை 22 அன்று இறந்தார். சகோதரி சுப்புலட்சுமி அடுத்த வருடம், டிசம்பர் 20. ஒரே கோடையில் சில நாள் இடைவெளியில் பிறந்த இரண்டு பேர், ஒன்றரை வருட இடைவெளியில் விடைபெற்றார்கள்.

சாந்தாவுக்கு 2005-ல் மகசேசே விருது வந்தது. 2016-ல் பத்ம விபூஷண். விருதோடு வந்த பணத்தை இன்ஸ்டிட்யூட்டுக்கே கொடுத்துவிட்டார். 1955 ஏப்ரலில் குடிவந்த அந்த வளாகத்தை விட்டு வேறு வீட்டுக்குப் போகவே இல்லை. தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் வார்டுகளில் அவரைப் பார்க்க முடிந்தது. 2021 ஜனவரி 19, விடியற்காலையில் இறந்தார். 93 வயது. அன்று காலை அவரது உடல் பொதுமக்கள் பார்வைக்காக வைக்கப்பட்டது காந்தி நகரில் உள்ள பழைய வளாகத்தில், அந்த 12 படுக்கைகள் இருந்த இடத்தில்.